தோண்டி எடுத்த கார்

அந்தக் காரைப் புதைத்தார்கள்.

நிஜமாகவேதான். கடற்கரை மணல் மேட்டில் பெரிதாக ஒரு குழி வெட்டி, உள்ளே இறக்கி, மேலே மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். வருடம் 1927. மாதம் மார்ச். இடம், வேல்ஸின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் பெண்டைன் என்கிற சின்னக் கடற்கரை கிராமம். காரின் பெயர் பாப்ஸ்.

ஏதோ ஓட்டை உடைசல் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு ஒரு மாதம் முன்பு வரை, தரையில் ஓடும் வாகனங்களில் உலகத்திலேயே அதிவேகமானது என்கிற பட்டம் அந்தக் காரிடம்தான் இருந்தது. பட்டம் கைவிட்டுப் போனது. அதைத் திரும்ப வாங்கப் போன இடத்தில், ஓட்டிய மனிதரின் உயிரும் போனது. அந்தக் காரை இனி யார் ஓட்டுவது? யாருக்கு விற்பது? புதை என்றார்கள். புதைத்தார்கள்.

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்று எங்களுக்கு ஒரு கணக்கு சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு வண்டி வாங்கினால் வருடா வருடம் அதன் மதிப்பில் இத்தனை சதவிகிதம் கழித்துக்கொண்டே வரவேண்டும். கடைசியில் காயலான் கடை விலை என்று ஒன்று மிஞ்சும். அத்துடன் கணக்கு முடிந்தது. பாப்ஸ் விஷயத்தில் அந்தக் காயலான் கடை விலைகூட வேண்டாம் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். ஆனால் 42 வருடம் கழித்து ஒருவர் வந்து அந்தக் கணக்கைத் திரும்பத் திறந்தார். அவர் கோடீஸ்வரர் இல்லை. காலேஜ் வாத்தியார்.

அவரிடம் போவதற்கு முன்னால் காரின் ஜாதகத்தைப் பார்த்துவிடுவோம்.

கவுண்ட் லூயி ஸ்போரோவ்ஸ்கி என்று இங்கிலாந்தில் ஒரு பணக்கார இளைஞர் இருந்தார். அம்மா வழியில் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் நிலபுலன். அந்தக் காசு கார்ப் பந்தயத்தில் கரைந்தது. அப்பாவும் பந்தயக்காரர்தான். 1903-ல், பிரான்ஸில் நடந்த ஒரு மலையேற்றப் பந்தயத்தில் இறந்துபோனார். அவருடைய சட்டைக் கைப் பொத்தான் ஆக்ஸிலரேட்டரில் மாட்டிக்கொண்டதுதான் காரணம் என்று ஒரு கதை உண்டு. மகன் அதே பொத்தான்களைப் போட்டுக்கொண்டு ஓட்டித்தான் செத்தார் என்று அதற்கு ஒரு வால் வேறு. பந்தயத்தில் யார் செத்தாலும் இப்படி ஒரு கதை கிளம்பிவிடும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

முதல் உலகப் போர் முடிந்த சமயம். விமான எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்தன. ஸ்போரோவ்ஸ்கி அவற்றை வாங்கி கார்களுக்குள் திணிக்க ஆரம்பித்தார். முதல் காருக்கு வைத்த பெயர் சிட்டி பேங் பேங். (ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயான் ஃப்ளெமிங் பிற்பாடு குழந்தைகளுக்காக எழுதி, 1964-ல் வெளியான பறக்கும் கார் கதைக்குப் பெயர் வந்தது இங்கிருந்துதான்.) அந்த வரிசையில் கடைசியாக, கேன்டர்பரி பக்கத்தில் ஹைய்யம் பார்க் என்கிற தன் மாளிகையில் வைத்து ஒரு ராட்சசனைக் கட்டினார். பெயர் ஹைய்யம் ஸ்பெஷல். எஞ்சின், அமெரிக்காவின் லிபர்டி விமான எஞ்சின். பன்னிரண்டு சிலிண்டர், 27 லிட்டர். நம் ஊரில் ஓடிய அம்பாசடரின் எஞ்சின் ஒன்றரை லிட்டர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பதினெட்டு அம்பாசடர் ஒரே பானெட்டுக்குள்! கியர்பாக்ஸ், போருக்கு முந்தைய ஒரு பென்ஸ் பந்தயக் காரிலிருந்து எடுத்தது. பின்சக்கரங்களைச் சுழற்ற, சைக்கிளில் இருக்கிற மாதிரி, ஆனால் தடித் தடியாக, பக்கத்துக்கு ஒரு சங்கிலி.

கார் முழுசாக முடிவதற்குள் ஆள் முடிந்துவிட்டார். 1924 அக்டோபரில் இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தில் மெர்சிடிஸ் ஓட்டும்போது விபத்து. அவர் சொத்திலிருந்து இந்தக் காரை 125 பவுண்டுக்கு வாங்கியவர், ஜே.ஜி. பாரி தாமஸ்.

தாமஸ் வேறு ரகம். வடக்கு வேல்ஸில் பிறந்தவர், பாதிரியார் மகன். லேலண்ட் கம்பெனியில் தலைமை எஞ்சினியராக இருந்து, லேலண்ட் எய்ட் என்கிற சொகுசுக் காரை வடிவமைத்தவர். அருமையான கார். விலையும் அருமையாக இருந்ததால் வாங்கத்தான் ஆளில்லை. அப்புறம் உத்தியோகத்தை விட்டுவிட்டு லண்டனுக்குத் தென்மேற்கே புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலுக்குள்ளேயே ஒரு பங்களாவில் குடியேறிவிட்டார். கல்யாணம் கிடையாது. சின்னதாக ஒரு பட்டறை, பூ வேலை செய்த ஒரு கம்பளிச் சட்டை, நாளெல்லாம் கார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பந்தயத்துக்கும் போவார்.

ஹைய்யம் ஸ்பெஷலை வாங்கி, நான்கு ஜெனித் கார்புரேட்டர்கள் வைத்து, தானே வடிவமைத்த பிஸ்டன்களைப் போட்டு, பாப்ஸ் என்று செல்லப் பெயரும் வைத்தார். 1926 ஏப்ரல் கடைசியில் பெண்டைனுக்குக் கொண்டுபோனார். அங்கே சுமார் ஏழு மைல் நீளத்துக்குத் தட்டையான மணல். கடல் உள்வாங்கும் நேரத்தில் ஈரம் சுண்டி, கெட்டியாகிவிடும். இவ்வளவு நீளத்துக்கு மட்டமான நேர்க்கோடு கிடைப்பது அபூர்வம். 27-ம் தேதி மணிக்கு 169.30 மைல். மறுநாளே தன் சாதனையைத் தானே உடைத்து 171.02 மைல், அதாவது 275 கிலோமீட்டர். உலக சாதனை.

பத்து மாதம்கூடத் தாங்கவில்லை. 1927 பிப்ரவரி 4-ம் தேதி மால்கம் கேம்ப்பெல் அதே பெண்டைன் மணலில் தன் புளூ பேர்ட் காரை ஓட்டி 174.88 மைல் தொட்டார். தாமஸ் திரும்பவும் பாப்ஸைத் தட்டி எழுப்பினார். மார்ச் 3. காருக்கும் பிரச்னை இல்லை, வானிலையும் பரவாயில்லை என்று ஓட ஆரம்பித்த ஓர் ஓட்டத்தில் கார் கட்டுப்பாடு இழந்து, புரண்டு, மணலைக் கிழித்துக்கொண்டு போய் நின்றது. தலையில் பயங்கர அடி. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. தாமஸுக்கு அப்போது 41 வயது. தரைவேக சாதனைக்கான ஓட்டத்தில் உயிரை விட்ட முதல் ஓட்டுநர்.

தாமஸின் உடல் புரூக்லண்ட்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பைஃப்ளீட் கிராமத்து சர்ச்சில் அடக்கமானது. மரண விசாரணை முடிந்த கையோடு, கார் பெண்டைன் மணலுக்குள் அடக்கமானது.

காருக்கு எதற்கு அடக்கம்? மரியாதை என்று சொல்லலாம். கோபம் என்றும் சொல்லலாம். எனக்கென்னவோ இரண்டும் கலந்துதான் தெரிகிறது. குதிரை எஜமானனைத் தள்ளிக் கொன்றுவிட்டால் அந்தக் குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? அந்த மாதிரிதான்.

ஆனால் காருடன் சேர்த்து இன்னொன்றையும் புதைத்துவிட்டார்கள். சாட்சியத்தை.

விபத்துக்குக் காரணம் சங்கிலி என்று முடிவாகிப்போனது. வலதுபக்கச் சங்கிலி அறுந்து, சாட்டை மாதிரி வீசி, தாமஸின் தலையைத் தாக்கிவிட்டது. கேட்கும்போதே கண்ணில் தெரிகிற மாதிரி ஒரு கதை. சங்கிலி அறுந்துதான் கிடந்தது, தலையில்தான் அடி. ஒன்றையும் ஒன்றையும் கூட்ட எவ்வளவு நேரமாகும்? பத்திரிகை, புத்தகம், டீக்கடை எல்லா இடத்திலும் இதே கதைதான். குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. குற்றவாளியைப் பரிசோதிக்க வழியில்லை, ஏனென்றால் அது மணலுக்கடியில்.

ஒரு வேடிக்கை. விபத்து நடந்து 26 நாளில், மார்ச் 29-ம் தேதி, அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரையில் ஹென்றி சீக்ரேவ் என்கிற இன்னொரு பிரிட்டிஷ்காரர் மணிக்கு 203.79 மைல் ஓட்டி உலகத்தையே வாய்பிளக்க வைத்தார். 200 மைலைத் தாண்டிய முதல் மனிதர். அவருடைய சன்பீம் காரும் சங்கிலி வண்டிதான்! தாமஸ் அன்று பிழைத்து, ஜெயித்திருந்தாலும் அந்தப் பட்டம் ஒரு மாதம்கூட அவர் கையில் இருந்திருக்காது. இதற்காகவா ஓர் உயிர் என்று தோன்றத்தான் செய்கிறது.

அப்புறம் பாப்ஸை மறந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. பெண்டைன் மணல் ராணுவத்தின் கைக்குப் போய், ஆயுதங்களைச் சுட்டுப் பார்க்கும் தளமானது. ஒரு காலத்தில் உலகத்தின் அதிவேகக் கார், பீரங்கிச் சத்தத்துக்கு அடியில் படுத்திருந்தது.

1967 வாக்கில் ஓவன் வின் ஓவன் என்பவர் அதைத் தோண்டி எடுப்பது என்று முடிவு செய்தார். வடக்கு வேல்ஸில் பேங்கர் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் எஞ்சினியரிங் விரிவுரையாளர். பழைய கார் பைத்தியம். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. முதலில் எங்கே புதைத்தார்கள் என்று கண்டுபிடிக்கவேண்டும். அது ராணுவ நிலம், அவர்களுடைய அனுமதி வேண்டும். தாமஸின் உறவினர்களைத் தேடிப் பிடித்து அவர்கள் சம்மதத்தையும் வாங்கவேண்டும். மரியாதைக்காகப் புதைத்ததைத் தோண்டலாமா என்று நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். நியாயமான கேள்விதான். என்னைக் கேட்டால், தோண்டலாம். மனிதர் பைஃப்ளீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறார். மணலுக்குள் இருந்தது அவர் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. ஒரு எஞ்சினியரின் வேலையை மண் தின்னக் கொடுப்பது அவருக்கு எந்த விதத்தில் மரியாதை என்று எனக்குப் புரியவில்லை.

1969-ல் பாப்ஸ் வெளியே வந்தது.

பார்த்தால் பாதிக் கார்தான் இருந்தது. இரும்பும் எஃகும் ஓரளவு பிழைத்திருந்தன. அலுமினியம்தான் போச்சு. அலுமினியம் துருப்பிடிக்காது என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறோம்? தனியாக இருந்தால் பிடிக்காது. எஃகைத் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால் அந்த இடமே ஒரு பாட்டரி ஆகிவிடும். அந்த பாட்டரியில் கரைந்துபோகிற பக்கம் அலுமினியம். தான் கரைந்து எஃகைக் காப்பாற்றும். கார் உடம்பின் தகடெல்லாம் அலுமினியம். 42 வருட உப்பு மணலில் அது சல்லடையாகி, பல இடங்களில் இல்லாமலே போயிருந்தது.

இனிமேல்தான் நிஜமான வேலை. கடையில் போய் பாப்ஸுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கேட்க முடியுமா? உலகத்தில் இருந்ததே ஒரே ஒரு பாப்ஸ்.

எங்கள் வீட்டுப் பக்கம் முன்பு ஒரு லேத் பட்டறை இருந்தது. எதை எடுத்துக்கொண்டு போனாலும் பட்டறைக்காரர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். ‘சாம்பிள் இருக்கா சார்?’ இருந்தது, உடைந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று ஒருமுறை சொன்னேன். என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! ‘உடைஞ்ச பீஸைத்தான் சார் முதல்ல எடுத்து வைக்கணும். அதுதான் பேசும்’ என்றார். மோட்டார் பம்ப்பின் ஒரு சின்ன புஷ், அவ்வளவுதான் விஷயம். ஆனால் பாப்ஸ் கதையைப் படித்தபோது அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஓவன் செய்ததும் அதுதான். உடைந்த பீஸ்களைப் பேச வைத்தார்.

எஞ்சினில் அவருக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. லிபர்டி எஞ்சின் பிறந்த கதையே தனி. 1917-ல் அமெரிக்கா போருக்குள் குதித்தபோது, எல்லா விமானத்துக்கும் பொதுவாக ஒரே எஞ்சின், அதை எல்லா கார் கம்பெனிகளும் தயாரிக்கவேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பேக்கார்ட் கம்பெனியின் ஜெஸ்ஸி வின்சென்ட், ஹால்-ஸ்காட் கம்பெனியின் எல்பர்ட் ஹால் இரண்டு பேரையும் வாஷிங்டனில் வில்லர்ட் ஹோட்டலில் ஒரு அறையில் உட்கார வைத்து, ஒரு வாரத்துக்குள் வரைபடத்தைப் போட்டு வாங்கினார்கள். பேக்கார்ட் செய்த பிஸ்டன் ஃபோர்டு செய்த எஞ்சினில் பொருந்தவேண்டும். அதுதான் நிபந்தனை. மொத்தம் 20,000-க்கும் மேல் செய்து குவித்தார்கள். போர் முடிந்தும் லிபர்டி சாகவில்லை. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓடிய பிரிட்டிஷ் குரூசேடர் டாங்கிகளில் இருந்ததுகூட இதே எஞ்சினின் வாரிசுதான். ஆக, லிபர்டியைப் பொறுத்தவரை சாம்பிள் உலகம் முழுக்க இருந்தது. தேடினால் கிடைக்கும்.

மற்றதெல்லாம் ஒற்றைப் பிறவி. தாமஸே தன் பட்டறையில் அளவெடுத்துச் செய்தது. அதை வேறு எங்கும் தேட முடியாது. செய்யத்தான் வேண்டும்.

இந்த மாதிரி வேலையில் என்னென்ன கண்ணிவெடிகள் இருக்கும் என்று தெரிந்துகொண்டால்தான் பதினைந்து வருடம் ஏன் ஆனது என்பது புரியும். சாதாரண போல்ட், நட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாப்ஸின் எஞ்சின் அமெரிக்கா, கியர்பாக்ஸ் ஜெர்மனி, மிச்ச வேலையெல்லாம் இங்கிலாந்து. மூன்று தேசத்துக்கும் மூன்று மரை. பிரிட்டிஷ் மரை, 1841-ல் ஜோசப் விட்வொர்த் வகுத்தது, 55 டிகிரி சாய்வு. அமெரிக்க மரை 60 டிகிரி. ஜெர்மன்காரர்கள் மில்லிமீட்டர். இதில் ஒரு விஷமம் வேறு. பிரிட்டிஷ், அமெரிக்க போல்ட்டுகள் பல அளவுகளில் ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றில் ஒன்று ஏறவும் ஏறும். அரை அங்குல போல்ட்டில் மட்டும் பிரிட்டிஷ் மரை அங்குலத்துக்கு 12, அமெரிக்க மரை 13. தெரியாமல் முறுக்கினால் இரண்டு சுற்று ஏறி, மூன்றாவது சுற்றில் மரையைக் கடித்துத் துப்பிவிடும். அரித்துப்போன ஓட்டையில் இருந்தது 12-ஆ 13-ஆ என்று முதலில் கண்டுபிடிக்கவேண்டும். அப்புறம்தான் லேத்.

வார்ப்பு உறுப்புகள் இன்னும் மோசம். பழைய பீஸ் முக்கால்வாசி இருக்கிறது, அதையே மணலில் அச்சுப் பதித்து அலுமினியத்தை ஊற்றிவிடலாம் என்று தோன்றும். ஊற்றினால் கதை கந்தல். உருகிய அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றே கால் பங்குக்கு மேல் சுருங்கும். ஒரு அடி நீள உறுப்பு கிட்டத்தட்ட நான்கு மில்லிமீட்டர் குறைந்து வரும். அதனால் மரத்தில் பேட்டர்ன் செய்கிற ஆசாரிகள் ஒரு விசித்திரமான ஸ்கேல் வைத்திருப்பார்கள். அதில் ஒரு அடி என்று போட்டிருப்பது நிஜத்தில் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதல். சுருங்கப்போவதை முன்கூட்டியே சேர்த்துப் போட்ட ஸ்கேல். கடைக்காரரிடம் இப்படி ஒரு ஸ்கேல் இருந்தால் சிறைவாசம்தான். ஃபவுண்ட்ரியில் அது இல்லாமல் வேலை நடக்காது.

அப்புறம் தகடு. தட்டத் தட்ட அலுமினியம் இறுகிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் விரிந்துவிடும். நடுநடுவே சூடு காட்டி இளக்கவேண்டும். ஆனால் அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கை கொடுக்காது. அமைதியாக இருந்து திடீரென்று பொத்தென்று உருகி விழும். இதற்குப் பழைய தகடு வேலைக்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி, சோப்பு. தகட்டின்மேல் சோப்பைத் தடவிவிட்டுச் சூடு காட்டுவார்கள். சோப்பு கறுத்தால் போதும், நிறுத்திவிடலாம். தெர்மாமீட்டர் கெட்டது போங்கள்! இளகிய தகட்டை இரண்டு உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓட்டி, அங்குலம் அங்குலமாக வளைவு கொண்டுவரவேண்டும்.

எந்த வளைவு? சாம்பிள்தான் கரைந்துவிட்டதே? இங்கே உதவிக்கு வருவது புகைப்படம். உலக சாதனைக் கார் என்பதால் பாப்ஸை நிறைய படம் எடுத்து வைத்திருந்தார்கள். தப்பிப் பிழைத்த எஃகு சட்டத்தின் நீளம் தெரியும். படத்தில் அந்த நீளம் இத்தனை அங்குலம் என்றால், மூக்கின் உயரம் எத்தனை, வாலின் சரிவு எத்தனை என்று கணக்குப் போட்டுக் கொண்டுவரலாம். பத்திரிகைக்காரன் எவனோ போகிற போக்கில் சொடுக்கிய படம், அரை நூற்றாண்டுக்குப் பிறகு எஞ்சினியரிங் டிராயிங் ஆகிவிடுகிறது. எங்கள் தொழிலுக்கு இப்படியும் ஒரு பெருமை இருக்கட்டுமே.

இத்தனைக்கும் நடுவில் ஓவனிடம் அந்தச் சாட்சியம் இருந்தது. 1927-ல் யாரும் சாவகாசமாக உட்கார்ந்து ஆராயாத சாட்சியம்.

ஒரு உறுப்பைத் திரும்பச் செய்யவேண்டும் என்றால் பழையது எப்படி இருந்தது என்று மட்டும் தெரிந்தால் போதாது. எப்படிக் கெட்டது என்றும் தெரியவேண்டும். தேய்ந்ததா, அரித்ததா, அடிபட்டு முறிந்ததா? புதிதாகச் செய்வது அதே இடத்தில் முறியக்கூடாது அல்லவா? ஆக, பழுது பார்க்கிறவன் தன்னையறியாமல் போஸ்ட்மார்ட்டம் டாக்டராகவும் ஆகிவிடுகிறான். பாப்ஸின் மிச்சங்களை வைத்துப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் வந்து சேர்ந்த இடம், வலது பின்சக்கரம். அந்தச் சக்கரம்தான் முதலில் நொறுங்கியிருக்கவேண்டும், கார் புரண்டது அதனால்தான், சங்கிலி அறுந்தது அந்தக் களேபரத்தில் நடந்த இன்னொரு சேதம் என்பது அவர்கள் கட்சி. அப்படியென்றால் கொலைகாரன் என்று பெயர் வாங்கிய சங்கிலி, காரைப் போலவே அடிபட்ட இன்னொரு உறுப்பு. அவ்வளவுதான்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்து ஒருவருக்கு உண்டு. தாமஸுக்கு. ‘உள்ளே சங்கிலி சுற்றுகிற காரில் உட்கார்ந்து ஓட்டினார், அது தலையில் அடித்துவிட்டது’ என்கிற கதையில் அவர் ஒரு முரட்டு அசடு. நல்ல எஞ்சினியராக இருந்து ஒரு சக்கரம் கைவிட்டதால் செத்தவர் என்பது வேறு கதை. பழைய கதையும் இன்னும் முழுதாகச் சாகவில்லை, இன்றைக்கும் சங்கிலிக் கதையை எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது கொடுக்கிற திகில் சக்கரக் கதையில் கிடையாதே!

சுமார் பதினைந்து வருடம். எண்பதுகளின் நடுவில் பாப்ஸ் திரும்ப உறுமியது.

இப்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. தகடு புதிது. எத்தனையோ உறுப்புகள் புதிது. இது பாப்ஸ்தானா?

எங்கள் பாட்டி வீட்டில் ஒரு அரிவாள்மணை உண்டு. கொள்ளுப்பாட்டி காலத்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். பலகை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. அலகு மூன்று தடவை. ஆனாலும் அது கொள்ளுப்பாட்டியின் அரிவாள்மணைதான். வீட்டில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. யாரும் அதைப் பத்து மில்லியன் பவுண்டுக்கு விலை பேசவில்லை என்பதும் ஒரு காரணம்.

பேசினால் என்ன ஆகும் என்பதற்கு 1990-ல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு இருக்கிறது. கார், ஓல்டு நம்பர் ஒன் என்கிற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ். 1929, 1930 இரண்டு வருடமும் பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது. 1932-ல் அதில் ஒரு பெரிய எஞ்சினை ஏற்றி புரூக்லண்ட்ஸில் ஓட்டினார்கள். கிளைவ் டன்ஃபீ என்கிற ஓட்டுநர் திடலின் மேட்டு விளிம்பைத் தாண்டிப் பறந்து இறந்தார். மிஞ்சியதை வைத்து அதைச் சாலையில் ஓட்டுகிற காராக மாற்றிக் கட்டினார்கள். பல கைகள் மாறியது. 1990-ல் ஒரு கம்பெனி பத்து மில்லியன் பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டுவிட்டு, அப்புறம் ‘இது அந்தக் கார் இல்லை, நீ சொன்ன சரக்கு வேறு’ என்று பின்வாங்கியது. விற்றவர் கோர்ட்டுக்குப் போனார்.

நீதிபதி ஆட்டன் ஒவ்வொரு உறுப்பாகக் கணக்கு எடுத்தார். 1929-ல் ஜெயித்த காரில், நிச்சயமாகத் தேதி சொல்லக்கூடிய உறுப்பு எதுவும் மிச்சமில்லை. 1930-ல் ஜெயித்த காரில் மிஞ்சியது பெடல் தண்டு, கியர்பாக்ஸின் கூடு, ஸ்டியரிங் தண்டு. அவ்வளவே! எங்கள் தேய்மானக் கணக்குப்படி பார்த்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கவேண்டும். நீதிபதி அப்படிப் பார்க்கவில்லை. ஒரு உறுப்பு போய் இன்னொன்று வந்தது, வந்தது போய் மற்றொன்று வந்தது, ஆனால் நடுவில் எந்த இடத்திலும் சங்கிலி அறவில்லை. ஓல்டு நம்பர் ஒன் என்று வேறு எந்தக் காரும் உரிமை கொண்டாடவும் இல்லை. இதை ‘ஒரிஜினல்’ என்று சொல்லக்கூடாது, ஆனால் மெய்யான ஓல்டு நம்பர் ஒன் என்று சொல்ல இதற்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பு. வாங்குவதாகச் சொன்னவர்கள் தோற்றார்கள்.

அந்தத் தராசில் பாப்ஸை வைத்தால் பென்ட்லியைவிட நன்றாகவே நிற்கும் என்று நினைக்கிறேன். ஸ்போரோவ்ஸ்கி கட்டியது, தாமஸ் திருத்தியது, மணல் தின்றது, ஓவன் மீட்டது. நான்கு பேர் கணக்கிலும் அதே கார்தான். 42 வருடம் மணலில் படுத்திருந்ததால் ஒரு நன்மை, நடுவில் வேறு யாரும் கைவைக்கவில்லை.

பல வருடங்கள் கோடையில் பெண்டைனிலும் குளிர்காலத்தில் புரூக்லண்ட்ஸ் மியூசியத்திலுமாக பாப்ஸ் இருந்தது. ஒன்று அது புதைந்த ஊர், இன்னொன்று தாமஸ் குடியிருந்த திடல். பெண்டைனில் 2023-ல் கடற்கரையை ஒட்டிப் புது மியூசியமே கட்டித் திறந்துவிட்டார்கள். விசேஷ நாட்களில் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதும் உண்டு. 27 லிட்டர். பெட்ரோல் போடுகிறவர் யாரோ, அவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.